கருங்கடலானுக்காக ஒரு மனு

"எல்லாத்தையும் கொண்டாந்தியா தங்கச்சி?" என்று கேட்டார் நாகூர் மீரான்.

நீதிமன்றத்துக்கு எதிரே மரத்தடியில் தட்டச்சு இயந்திரம் வைத்து, ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். மனு என்பது கல்யாணப் பெண் மாதிரி. தனியாகப் போனால் மதிப்பில்லை, சீர்வரிசையோடு போக வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷத் தொழில் சூத்திரம். சான்றிதழ், சிபாரிசுக் கடிதம், கோயில் ரசீது, எது கிடைத்தாலும் பின்னால் வைத்துத் தைத்துவிடுவார். கட்டு கனத்தால், கையில் எடுக்கும் அதிகாரி கொஞ்சமாவது யோசிப்பான்.

கமலவேணி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தோட்டப் பள்ளி நிர்வாகி எட்டு வருஷத்துக்கு முன் கொடுத்த நன்னடத்தைக் கடிதம். கல்யாணப் பதிவுத்தாள். மலாக்கா காஜா பேராங்கில் அவளுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் செட்டி வீட்டுக்காரர் மலாய் மொழியில் எழுதிக் கொடுத்த சிபாரிசு. அந்த வீட்டுப் பெண்களுக்குக் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுத்துத்தான் அவள் காலம் ஓடுகிறது.

"அவ்வளவுதானா? எலும்பும் தோலுமா இருக்கே."

கமலவேணி தயங்கினாள். பிறகு பையின் அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ் வார இதழின் பக்கங்கள். வாரா வாரம் வெட்டியெடுத்து, கெபாயா தைக்கும் நூலாலேயே ஓரம் தைத்து வைத்திருந்தாள். 'பனிக்கரை' என்று தலைப்பு. எழுதுபவர்: கருங்கடலான்.

"இந்தத் தொடர்கதையா? எங்க வீட்டு ஹலீமா உயிரை விடுறா இதுக்கு. யாரு இந்தக் கருங்கடலான்?"

"அவர்தான், நானா." மீரானை அண்ணன் முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

மீரான் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார்.

அவர் என்றால் இராஜரத்தினம், அவள் கணவன். ரப்பர் தோட்டப் பள்ளியில் வாத்தியார். கித்தாப் பால் வெட்டும் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தான். அந்தப் பாட்டு நாலு தோட்டம் தாண்டிப் போயிற்று. வெள்ளைக்கார அரசாங்கம் மலாயாவில் அவசரகாலம் அறிவித்த மறுவருஷம் அவனைப் பிடித்துப் போனார்கள். தமிழ்நாட்டில் பிறந்தவன் என்பதால் வழக்கு, விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. பினாங்கில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். கமலவேணி மலாக்காவில் பிறந்தவள். "நீயும் வந்துட்டா எனக்காக இங்க வாய் திறக்க யாரு இருப்பா? நீ இரு. எப்படியாவது என்னைக் கூப்பிட்டுக்கோ" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். அவள் இருந்தாள். மனு மேல் மனுவாக எட்டு வருஷம். எல்லாம் வெள்ளைக்காரர்கள் கையில் போய்க் கரைந்தன. இப்போது வெள்ளைக்காரன் கொடி இறங்கி மூன்று வாரம் ஆகிறது.

இராஜரத்தினம் இப்போது திருச்சியில், ஒரு கல்லூரி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறான். அப்படித் தைக்க வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில்தான் அந்த ரோமாபுரிக் கவிஞனைக் கண்டுபிடித்தான்.

"கதைய எனக்குச் சொல்லேன்" என்றார் மீரான். "ஹலீமா துண்டு துண்டா சொல்றா, ஒண்ணும் விளங்கல."

கமலவேணி சொன்னாள். ரோமாபுரியிலேயே பேர் போன கவிஞன் அவன். காதல் கவிதை எழுதினால் ஊர் இளைஞர்களெல்லாம் மனப்பாடம் செய்வார்கள். மனிதர்கள் மரமாக, பறவையாக, கல்லாக மாறிய கதைகளையெல்லாம் கோத்து ஒரு பெருங்காவியம் செய்தான். ஐம்பது வயதில் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளானான். அவனுடைய ஒரு கவிதைநூல் காரணம் என்றார்கள். பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டான் என்றும் சொன்னார்கள். கருங்கடல் ஓரத்தில், குளிர்காலத்தில் கடலே உறைந்து கெட்டியாகிற ஒரு காட்டு ஊருக்கு விரட்டினார்கள். கிளம்புகிற அன்று தன் காவியத்தைத் தானே நெருப்பில் போட்டான். நண்பர்களிடம் பிரதி இருந்ததால் அது பிழைத்தது. அங்கே அவன் பாஷை பேச ஆளில்லை. அந்தக் காட்டு ஜனங்களின் பாஷையைக் கற்றுக்கொண்டு அதிலும் கவிதை செய்தான். சக்கரவர்த்தியைப் புகழ்ந்துகூட எழுதினான். திரும்பக் கூப்பிடுங்கள், திரும்பக் கூப்பிடுங்கள் என்று கடிதம் கடிதமாக அனுப்பினான்.

"பெஞ்சாதி?"

"அந்தம்மா ரோமாபுரியிலயே இருந்து அவருக்காக மன்றாடுது நானா."

"அதான பார்த்தேன். பேரு என்ன அதுக்கு?"

"தெரியாதாம். கவிஞன் பேர் இருக்கு, ராஜா பேர் இருக்கு. அந்தம்மா பேரை ஒருத்தரும் எழுதி வைக்கல."

மீரான் உச்சுக் கொட்டினார். "சரி, ராஜா கூப்பிட்டானா?"

"போன வாரம்தான் பழைய ராஜா செத்தான். புது ராஜா வந்திருக்கான். இனிமேதான் தெரியும்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நானா, இதையும் சேர்த்தா என்ன? வம்பு தும்பு இல்லாம அவர் பாட்டுக்குப் பழைய காலத்துக் கதை எழுதிட்டு இருக்கார்னு அவங்களுக்குத் தெரியட்டுமே."

"அரசியல் ஒண்ணும் இல்லையே?"

"ரெண்டாயிரம் வருஷத்துக் கதை நானா. இதுல ஏது அரசியல்?"

மீரான் கட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். திருப்தியாக இருந்தது. 'மனுதாரரின் கணவர் கருங்கடலான் என்ற பெயரில் எழுதிவரும் இலக்கியப் படைப்பு, இணைப்பு நான்கு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினார். பிறகு சாக்கு ஊசியை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து மூலையில் ஒரே குத்தாகக் குத்தினார்.

தீபாவளி முடிந்து ஒரு மாதம் இருக்கும். சைக்கிளில் ஓர் இளைஞன் வீடு விசாரித்துக்கொண்டு வந்தான். பெயர் தியாகு, மனு போன அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கருங்கடலான் வீடு இதுதானே அக்கா?" என்றான். யாரோ கோயிலுக்கு வழி கேட்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

"உங்க ஃபைலு என் மேசைக்குத்தான் வந்துச்சு. கதைய முழுசா இங்கிலீஷ்ல பேர்த்துக் குடுக்கச் சொல்லிட்டாங்க. எங்க புக்கிட் பாரு வீட்ல அம்மாவுல இருந்து எல்லாரும் இதைப் படிக்கிறவங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! ஒரு வரி விடமாட்டேன் அக்கா. ஒரு கமா விடமாட்டேன்."

கமலவேணி அவன் முகத்தையே பார்த்தபடி காப்பியைப் பாதி தரையில் ஊற்றினாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தக் கவிஞர் பெஞ்சாதி ஏழு வாரமா அரண்மனை வாசல்லயே நிக்குதே, காலு வலிக்காதா? எப்பத்தான் உள்ள விடுவாங்க?"

"எனக்கே தெரியாது தம்பி. என்கிட்டயும் சொல்லமாட்டேங்கறார்."

"பெரிய ஆளு!" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

பக்கத்து அறைக் கதவில் சாய்ந்திருந்த வீட்டுக்காரர் மருமகள், "லாக்கி பாலேக் கா?" என்று கேட்டாள். புருஷன் திரும்பி வருகிறாரா என்று. அந்தக் குடும்பத்தாருக்கு விபூதி, குங்குமம் உண்டு, தமிழ் கிடையாது. கமலவேணி முதல் முறையாக, "பாலேக்" என்று பதில் சொன்னாள்.

அன்றே கணவனுக்கு எழுதினாள். உங்கள் கதை இங்கிலீஷில் ஆகிறது, பெரிய அதிகாரியே படிக்கப்போகிறார், பெட்டியைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று நாலு பக்கம்.

பதில் நாலே வரியில் வந்தது.

'வேணி, அந்தக் கட்டை எப்படியாவது திரும்ப வாங்கிவிடு. என் பெயரை ஏன் சொன்னாய்? ஒன்பதாவது வாரத்தை நினைத்துப் பார். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே போ.'

கட்டு அவளிடம் இல்லை. ஆனாலும் ஒன்பதாவது வாரம் அவளுக்கு மனப்பாடம். ரோமாபுரியின் நீதிமன்றம் அன்று கூடவில்லை. சபை கூடவில்லை. சாட்சி இல்லை, கேள்வி இல்லை. ஒரு மனிதனின் வாய்ச்சொல்லே சட்டமாகி, இன்னொரு மனிதனின் ஊரைப் பிடுங்கிக்கொண்டது. அப்படி ஆட்சி செய்தவன் எவனும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. இப்படிப் போகும் அந்த வாரம். அதைத் தைக்கும்போது, எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார் என்று அவள் பூரித்துப்போய் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். கித்தாத் தோட்டமும் பினாங்குக் கப்பலும் அந்த வரிகளுக்குள் இருப்பது அப்போது அவள் கண்ணில் படவில்லை. இப்போது வேறு எதுவும் படவில்லை.

தைத்துக்கொண்டிருந்த கெபாயாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தியாகு அலுவலகத் தாழ்வாரத்துக்கு வந்தான். அன்றைக்கு வந்த பையன்தானா என்று சந்தேகம் வரும்படி இருந்தான்.

"போன வாரமே குடுத்துட்டேன் அக்கா."

"ஒன்பதாவது வாரமுமா?"

"அதை மூணு தடவ திருத்தி எழுதினேன். அவ்வளவு நல்லா வந்துச்சு." அவன் குரல் இறங்கியது. "ஐயா அதுல சிவப்புப் பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கார். என்னைக் கூப்பிட்டு, இது ரோமாபுரியா நம்ம ஊரான்னு கேட்டார். ரோமாபுரிதான் ஐயான்னு சொன்னேன். சிரிச்சார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது அக்கா."

"கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கக் கூடாதா தம்பி?"

"மோசமா எழுத வரல" என்றான் தியாகு. பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்கு நான் வந்தது யாருக்கும் தெரிய வேணாம். எனக்கு வேற வேலை கிடைக்காது" என்றான்.

"அந்தப் பக்கங்களையாவது குடுப்பாங்களா? என்கிட்ட வேற பிரதி இல்ல."

"ஃபைலுக்குள்ள போனது வெளிய வராது அக்கா."

பொங்கலுக்கு மறுநாள் பதில் வந்தது. மீரான் படித்துச் சொன்னார். மேற்படி நபர் மாற்றுப் பெயரில் ஒளிந்துகொண்டு, அரசாங்க ஆணைகள் மீது வெறுப்பு உண்டாகும்படி இந்நாட்டு வாசகர்களுக்கு எழுதி வந்திருப்பது அவருடைய மனைவியின் மனுவிலிருந்தே தெரிய வருகிறது. நாடு கடத்தல் ஆணை நீடிக்கும்.

"மனுவிலிருந்தேன்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள் கமலவேணி.

மீரான் காகிதத்தை மடித்தார். "இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவானுங்க தங்கச்சி" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்த வார இதழில் 'பனிக்கரை' இல்லை. அது வரும் பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. அடுத்த வாரமும் அதே தைலம். நிறுத்துகிறோம் என்று ஒரு வரி அறிவிப்புகூட இல்லை.

மாசியில் இராஜரத்தினத்தின் கடிதம் வந்தது.

'வேணி, பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள். இனி என் எழுத்து வேண்டாமாம். உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ பெருமைப்பட்டுக் கொடுத்தாய். நானும் அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டுத்தான் எழுதினேன்.

கதையின் முடிவை நீ படிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய ராஜா அவனைக் கூப்பிடவில்லை. பத்து வருஷம் போலக் கெஞ்சிவிட்டு அவன் அந்தக் கரையிலேயே செத்தான். முதல் வாரம் எழுதும்போதே எனக்கு இது தெரியும். நீ ஒவ்வொரு வாரமும் ராஜா மனம் மாறுவானா என்று எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். அதனால்தான் அந்தப் பெண்ணை அரண்மனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். உள்ளே விட்டால் கதை முடிந்துவிடுமே.

இங்கே வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எனக்கே இடமில்லை. அங்கேயே இரு என்று சொல்லவும் இனிக் காரணமில்லை. எழுத வேறு எதுவும் தோன்றவில்லை.'

அதற்குப் பிறகு அவள் நாலு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. கடிதங்கள் திரும்பியும் வரவில்லை. அவன் இருக்கிறான், வாங்கிப் படிக்கிறான், எழுதுவதை மட்டும் விட்டுவிட்டான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைத்தாலும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மறுபடி மரத்தடிக்குப் போனாள். முன்பெல்லாம் இப்படிக் கூட்டம் இருக்காது. இப்போது குடியுரிமைக்கு மனுப் போட ஜனம் வரிசை கட்டி நின்றது. புதுச்சட்டை போட்ட குடும்பங்கள், கையில் பிறப்புச் சான்று, சிரிப்பு, சத்தம். ஒரு மணி நேரம் நின்று முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னொரு மனு போடணும் நானா."

மீரான் இயந்திரத்தைத் தொடவில்லை. "மறுபடி போடணும்னா போன தடவ சொல்லாத புது விஷயம் ஏதாவது இருக்கணும். இல்லாட்டி எடுக்கவே மாட்டாங்க."

கமலவேணி யோசித்தாள். "அவருக்கு உடம்பு சரியில்லைன்னு போடலாமா?"

"சரியில்லையா?"

"தெரியல நானா. கடுதாசி இல்ல."

"சேர்க்கக் காகிதம் ஏதும்?"

"இருந்ததெல்லாம் உள்ள போயிடுச்சு."

"பின்ன எதைத் தங்கச்சி எழுதட்டும்?"

கமலவேணி காலிப் பையை மடியில் வைத்து மடித்தாள். மீரான் அவசரப்படுத்தவில்லை. வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. யாரோ, "அந்தம்மா எழுந்தா நம்ம முறை" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அது காதில் விழுந்ததும் கமலவேணி எழுந்தாள்.

"வர்றேன் நானா."

"வெயிலா இருக்கு, பார்த்துப் போ தங்கச்சி" என்றார் மீரான்.

முக்காலியில் ஒரு கணவனும் மனைவியும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கணவன் இரண்டு பேர் காகிதங்களையும் ஒன்றாக நீட்டினான். மீரான் வெள்ளைத் தாளைச் செருகி, உருளையைத் திருகி, "பேரு சொல்லுங்க" என்றார்.