தாள் ஒட்டாத தெருக்கள்

1

இந்தக் கதை ஒரு முதுகிலிருந்து தொடங்கியது. பல்கேரியாவில், பிளோவ்டிவின் பழைய நகரில் ஒரு மரக்கதவை முதுகால் மறைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். எதிரே வயதான பெண்மணி ஒருவர். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இவளும் நகர்ந்தாள். அவர்கள் போனதும் கதவைப் பார்த்தேன். கறுப்புக் கரை போட்ட தாள், நடுவில் ஒரு முதியவரின் படம்.

[இங்கே யார் இறந்தாலும் இப்படித்தான் ஒட்டுவார்கள்: கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில். பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். பெயரைப் படிக்காமல் கடந்துபோக இன்னும் வரவில்லை.]

அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் நானாக எழுதியது. எழுதும்போது பயமாகத்தான் இருந்தது.

2

முதல் தொடக்கம்: "பிளோவ்டிவில் ஒரு நாளை இனிமையாகக் கழிக்க விரும்புகிறவர் காலையில் —"

அடித்துவிட்டேன். அடுத்தது: "ருமியானா அன்று கண்விழித்தபோது —"

அதுவும் வேண்டாம். மூன்றாவது நிற்கட்டும்.

ருமியானாவின் அம்மா நெவெனாவுக்குத் திங்கட்கிழமை இதய அறுவை சிகிச்சை. "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஊரைச் சுத்திக் காட்டுடீ. எழுபத்தொரு வருஷமா இங்கயே கெடக்கேன். ஒரு நாளாவது டூரிஸ்ட்டு மாதிரி நடந்து பாக்கணும்" என்று கேட்டிருந்தாள். சனிக்கிழமை காலை நெவெனா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ருமியானாவுக்குப் போன் வந்தது. அம்மாவின் தம்பி மெத்தோதி இறந்துவிட்டார். அவருடைய மருமகள் வெசேலா பேசினாள். இன்று மூன்று மணிக்கு அடக்கம்.

அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடம். [காரணம் ஒரு திராட்சைத் தோட்டம் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். காரணம் தெரிந்தால் நீங்கள் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.] சிகிச்சை முடிந்து நடக்க முடிந்ததும் தானே போய் அவன் கதவைத் தட்டப்போவதாக நெவெனா சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைவரை அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ருமியானா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் கிசுகிசுத்தாள்.

"எங்கெங்க ஒட்டியிருக்கீங்க?"

"வீட்டு வாசல், சர்ச்சு வாசல், சந்தை, அவரு காப்பி குடிக்கிற கடைக்கு எதிர்த்த மரம். ஏன் கேக்குற?"

3

அந்த நான்கு இடங்களையும் விட்டுவிட்டு மிச்சமிருந்த ஊரில் ஓர் அழகான நாள் நடந்தது. சூடான பனித்ஸா தின்றார்கள், உதட்டில் பாலாடைக்கட்டி ஒட்டிக்கொள்ள. ரோமானிய அரங்கின் படிகளில் வெயில் காய்ந்தார்கள். ருமியானா மட்டும் அம்மாவுக்கு இரண்டடி முன்னால் போய் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏண்டீ சந்து சந்தா இழுத்துட்டுப் போற? யாருக்கு ஒளியற, பழைய காதலனுக்கா?"

"ஆமா. மூணு பேரு இருக்காங்க."

"மூணுதானா? உன் வயசுல எனக்கு அஞ்சு."

"அப்பாவையும் சேத்தா?"

"அவரை எதுக்குச் சேக்கணும்!"

சிரித்தபடி வளைவில் திரும்பியபோதுதான் அந்தக் கதவு. வெசேலா சொல்லாத கதவு. மெத்தோதி மூக்குக்கண்ணாடியோடு தாளிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ருமியானா பாய்ந்து முதுகைச் சாய்த்தாள்.

"என்னாச்சு? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு. ஆஸ்பத்திரியில உன்னையும் சேத்துப் படுக்கப்போடச் சொல்லவா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ முன்னால நட."

[மழை பெய்து தாள்களெல்லாம் நைந்து விழுந்தன என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். என்னால் முடியும். ஆனால் மூன்று மணி என்பது மழையில் நையாது. அடக்கம் நடக்கும். அக்கா அங்கே இருக்கமாட்டாள்.]

4

நெவெனாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று முடித்துவிடலாம். எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் கண்ணில் கொஞ்சம் நீர். அப்படி முடிக்க மாட்டேன். அவளுக்குத் தெரியாது.

என் சந்தேகமெல்லாம் ருமியானாமீதுதான். அவள் காப்பது அம்மாவின் இதயத்தையா, அல்லது அந்தச் செய்தியைச் சொல்லவேண்டிய தன் வாயையா? அவளிடம் கேட்டால் கோபப்படுவாள். கோபம் தணிந்ததும் அவளே —

வேண்டாம். நேரமாகிறது.

5

இரண்டு இருபத்தைந்து. நெபெத் தெபே குன்றின் உச்சியில், பழைய கோட்டைக் கற்கள்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுகாட்டுக்கு டாக்சியில் இருபது நிமிடம்.

"திங்கக்கிழமை நான் எந்திரிக்கலன்னா, மெத்தோதிகிட்ட நீ போய்ச் சொல்லணும்" என்றாள் நெவெனா.

"என்னன்னு?"

"தப்பு அவன்மேலதான்னு." தானே சிரித்துக்கொண்டாள். பிறகு கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தபடி, "வந்துட்டுதான் இருந்தேன்னும் சொல்லு" என்றாள்.

அடுத்த வாக்கியத்தைப் பதினொரு முறை எழுதினேன். சொல்லிவிடும் வடிவங்களில் நெவெனாவின் கை நெஞ்சுக்குப் போனது. அது வலியா துக்கமா என்று பார்க்குமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லாத வடிவங்களில் நாள் இனிமையாகவே முடிந்தது. அவற்றைத்தான் என்னால் இரண்டாம்முறை படிக்க முடியவில்லை.

"அம்மா" என்று ருமியானாவைக் கூப்பிட வைத்துவிட்டேன். அதுவரைதான் எனக்குத் தைரியம். நீங்கள் இதைப் படிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விட்டது.

நெவெனா திரும்பிவிட்டாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறாள்.

"என்னடீ? சொல்லு."