பேர் போட்ட நோட்டீஸ்

தங்கையனுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். பொன்மணி உரக் கம்பெனியின் மன்னார்குடி ஆபீசில் ஒன்பது வருஷமாக விளம்பர வேனில் மைக் பிடித்தவர் அவர். கழக மேடைகளின் அடியில் நின்று கேட்டுக் கேட்டுப் படிந்த அடுக்குமொழி. "பொன் விளைக்கும் பொன்மணி, புவி வியக்கும் பொன்மணி" என்று அவர் எடுத்தால் பெட்டிக்கடையில் பீடி பற்றவைப்பவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைப்பான், அது வேறு விஷயம்.

எழுபத்திரண்டில் அமிர்தம் வேலைக்கு வந்தாள். நன்னிலத்துக்காரி. மைக்கை வாங்கினால் பத்து நிமிஷத்துக்கு உரத்தின் பேரையே சொல்லமாட்டாள். கதை சொல்லுவாள். ஒரு குடியானவர், கம்பெனி உரம் போட்டால் மண் செத்துப்போகும் என்று சாதிப்பவர். அவர் பெண்டாட்டி அவருக்குத் தெரியாமல் வயலின் ஒரு மூலைக்கு மட்டும் உரத்தை வீசிவிட்டாள். அறுப்பின்போது அந்த மூலைக் கதிரைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் என் உழவு என்று அவர் ஊரெல்லாம் பீற்றினார். அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த போகத்துக்கு வயல் முழுக்க வீசினாள்.

நடவுப் பெண்கள் நாற்றுமுடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் கடைக்குப் போய், "அந்தப் பொண்டாட்டி போட்ட உரம் குடுங்க" என்று கேட்டார்கள். ஒன்பது வருஷம் தொண்டை கிழியச் சொன்ன பேர் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. தங்கையனுக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் ஜில்லா விளம்பர அதிகாரியாக ஒருவரைத் தஞ்சாவூர் ஆபீஸ் எடுக்கப்போகிற நேரம். மானேஜர் செல்லத்துரை யாருக்குச் சிபாரிசு எழுதுகிறாரோ அவருக்குத்தான் அந்த நாற்காலி.

எந்த ஊரில் நடந்தது என்று வேனில் போகும்போது பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தார்.

"அதைக் கேட்காதீங்கண்ணே. பேரு வெளிய வந்தா அவங்க பொழப்புக்கு ஆவாது" என்றாள் அமிர்தம்.

மறைக்கிறாள் என்று நினைத்தார். பேரும் ஊரும் இல்லாத கதையே இந்தப் போடு போடுகிறதென்றால், விலாசத்தோடு போட்டால் எப்படி இருக்கும்? வலங்கைமான் பக்கம் ஒரு வாரம் சைக்கிளில் அலைந்து ஆளைக் கண்டுபிடித்தார். முருகையன். மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். பதினோரு வருஷச் சாகுபடி. நிலம் யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை.

மானேஜர் ஊரில் இல்லாத வாரத்தில் அவர் எழுதிக் கொடுத்த நோட்டீஸ் ஐயாயிரம் அச்சாகி, வழக்கம்போல எழுதியவர் பேர் இல்லாமல் ஊர் ஊராகப் போயிற்று. "கோயில்மேட்டு வயலில் பதினோரு ஆண்டுகளாகப் பயிர் செய்துவரும் முருகையன் வீட்டில் நடந்த உண்மைக் கதை." அடியில், "கிடைக்குமிடம்: காயாரோகணம் உரக்கடை, வலங்கைமான்."

அந்த நிலமே காயாரோகணத்துடையது. மிராசுதார். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டிருந்தார். பயிர் செய்கிறவர்கள் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுத ஆரம்பித்திருந்த காலம் அது. முருகையன் பதியச் சொல்லிப் போய் நின்றபோது, இவன் என் பண்ணையாள், கூலி வாங்குகிறவன் என்று அடித்துச் சொல்லியிருந்தார். முருகையனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது மிராசுதாரின் சொந்தக் கடைப் பேரோடு ஐயாயிரம் சீட்டு.

செல்லத்துரை இரண்டு பேரையும் கூப்பிட்டு நோட்டீஸை மேஜைமேல் போட்டார். எழுதினது யார் என்று கேட்டார். எழுதின ஆளை வெளியே அனுப்பினால்தான் கடையில் இனி மூட்டை இறங்கும் என்று மிராசுதார் சொல்லிவிட்டாராம்.

தான் பேரைச் சொன்னதே இல்லை என்றாள் அமிர்தம். கதை உன்னுடையதுதானே என்றார் மானேஜர். ஆமாம் என்று தலையாட்டினாள். தங்கையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் போய்விடுவாள், நாற்காலி வந்துவிடும். வெகுநாளைக்கப்புறம் அவருக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் முருகையன் வந்து நின்றார். தோளில் பூவன் வாழைத்தார். நேரே அமிர்தத்திடம் போனார்.

"பதிவேட்டுல என் பேரைப் பதிஞ்சுட்டாங்கம்மா. அதிகாரி அந்த நோட்டீஸைப் படிச்சுட்டு மிராசுதாரைத்தான் கேட்டாரு, இது உங்க கடைச் சீட்டுதானேன்னு. ஆமாம்னு ஒத்துக்கிட்டாரு. நீங்க எழுதுன நாலு வரிதாம்மா எங்களுக்கு நிலம்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. ஒன்பது வருஷத்தில் தங்கையனை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. ஒரு வாழைப்பழம்கூடக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. என் எழுத்துக்கு அவளுக்குக் கும்பிடா? வேலை, நாற்காலி, எல்லாம் மறந்துபோயிற்று.

"அதை எழுதுனது நான்" என்றார்.

செல்லத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். தங்கையன் அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ, முருகையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படிங்களா? நல்லா இருங்க" என்றார். "ஆனா கதை அம்மாவோடதுதானுங்களே."

தாரை இறக்கி அமிர்தத்தின் மேஜைமேல் வைத்தார்.