கஞ்சி ஊற்றியவன் முகம்

ரபியாவுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். மகன்மேல் கொலைக் குற்றம் சாட்டிய பிறகும் அது குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. "என்ன திமிர் பாரு" என்று அவள் குடியிருந்த பூன் லே அடுக்குமாடி புளோக்கில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டுமே. தலை குனிந்து நடக்கும்படி அவள் மகன் என்ன செய்துவிட்டான்?

வழக்கு இதுதான். ரமலான் மாதத்தில் ஒரு மத்தியானம், தேக்கா கடைத்தெருவின் பின்சந்தில் கைப்பேசிக் கடைக்காரர் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டு எவனோ ஓடினான். ஓடியவனைப் பார்த்தது ஒரே ஆள், விஸ்வலிங்கம். தோ பாயோக்காரர், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் வரிசையாகப் படங்களைக் காட்டியபோது சட்டென்று ரபியாவின் மகன் ஸைஃபின் படத்தில் விரலை வைத்தார். பழுதான கைப்பேசிக்காக அந்தக் கடைக்காரரோடு ஸைஃப் ஒருமுறை சண்டை போட்டிருந்தான். அதனால்தான் அவன் படம் அந்த வரிசையில் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

அந்த நேரத்தில் ஸைஃப் தேக்காப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். அடுக்களைப் பக்கம் கேமரா கிடையாது. கூட நின்று கிண்டிய ரவூப்தான் சாட்சி.

"அன்னிக்கு அவர் அங்கதான் இருந்தாருன்னு எப்படி சொல்றீங்க அங்கிள்?" என்று கேட்டாள் வக்கீல் வைஷாலி.

"அவன் இல்லாத நாளே இல்ல லா," என்றார் ரவூப், வெள்ளை மனசோடு.

வைஷாலி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "தினம் வர்ற ஆளு அன்னிக்கும் வந்திருப்பாருன்னு நீங்களா நெனச்சுக்கிறீங்கன்னு அரசுத் தரப்புல சொல்லுவாங்க. ஒரே கேள்வியில கிழிச்சுடுவாங்க."

இன்னொரு வழி இருந்தது. குத்தியதை ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டைக் குறைக்க அரசுத் தரப்பு தயார். தூக்கு கிடையாது, சிறைதான். சிறையில் பார்க்கப் போன ரபியாவிடம் ஸைஃப், "செய்யாதத செஞ்சேன்னு சொல்ல எனக்கு வாய் வராது உம்மா," என்றான். ஒத்துக்கொள்ளடா, உயிரோடு இருடா என்று கெஞ்சத்தான் பெற்ற வயிறு துடித்தது. கெஞ்சவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அழும்போதும், இவன் என் பிள்ளை என்றிருந்தது அவளுக்கு.

விசாரணை தொடங்கியபோது மறுபடி ரமலான் வந்திருந்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு விஸ்வலிங்கம் சாட்சிக் கூண்டில் ஏறினார். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று கையை அசைத்துவிட்டு, சுத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். ஒருமுறை பார்த்த முகத்தை அவர் மறந்ததில்லையாம். குற்றம் சாட்டப்பட்டவரை அதற்கு முன்னால் பார்த்ததுண்டா? இல்லவே இல்லை. காலை முழுக்க அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் ரபியா. அவர் கண்ணும் பலமுறை அவள்மேல் பட்டுத் திரும்பியது. குறுக்கு விசாரணையை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள்.

ரபியா நேராகப் பள்ளிவாசலுக்குப் போனாள். அந்த வருஷம் மகனுடைய அகப்பை அவள் கையில் இருந்தது. பெண்பிள்ளை எதற்கு வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ரவூப் இழுத்துப் பார்த்தார். "எம்மவன் எடம் காலியா கெடக்கக் கூடாது," என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வரிசை நகர்ந்தது. தேக்காவில் நோன்புக் கஞ்சிக்கு யார் மதம் பார்த்தார்கள்? சீனர் வாங்கினார், மலாய்க்காரர் வாங்கினார். அடுத்துத் தூக்குச்சட்டியை நீட்டியவர் விஸ்வலிங்கம்.

அவள் கை அப்படியே நின்றது. சாட்சியோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வைஷாலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரோ அவள் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. தோ பாயோ கிளினிக்ல மருந்து குடுப்பீங்கல்ல? நான் முகத்த மறக்கவே மாட்டேன்."

ரபியா வாழ்நாளில் எந்தக் கிளினிக்கிலும் வேலை பார்த்ததில்லை. வாயைத் திறக்காமல், சட்டி நிறையக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். தன் பிள்ளையைத் தூக்குக்கு அனுப்பப் பார்க்கிறவருக்கு அளவு குறைக்காமல் ஊற்றினாள் பாருங்கள், அந்தத் திமிர் யாருக்கு வரும்?

அவர் போனதும் ரவூப்பிடம் கேட்டாள். "இவரா? வருஷக்கணக்கா வர்றாரு. ஸைஃப் இருக்குற வரிசையிலதான் நிப்பாரு." அடுத்த நிமிஷம் வைஷாலிக்குப் போன் போனது.

மறுநாள் வைஷாலி குரலை உயர்த்தவேயில்லை. நேற்று உங்களுக்குக் கஞ்சி ஊற்றியது யார் என்று கேட்டாள். ஒரு அம்மா, கிளினிக்கில் பார்த்த முகம் என்றார் விஸ்வலிங்கம். அவர் இந்த அறையில் இருக்கிறாரா? ரபியா எழுந்து நின்றாள். நேற்றுக் காலை முழுக்க எதிரே இருந்தவள் இவள்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொலை நடப்பதற்கு முந்தைய வருஷங்களில் உங்களுக்குக் கஞ்சி ஊற்றியது யார்?"

அவர் ஸைஃபைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும்; யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த மனிதர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் அவரை விட்டுப் போயிருந்தது.

"நான் பாத்தது ஓடினவனை," என்றார் தமிழில். "காட்டினது கஞ்சி ஊத்தினவனை. தெரிஞ்ச முகமா இருந்துது, அதான் கைய வச்சுட்டேன். ஓடினவன் மூஞ்சி எனக்கு நெனவே இல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸைஃபை விடுதலை செய்த அன்று, நீதிமன்ற வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு ரபியாவிடம் வந்தான்.

"உம்மா, அந்தப் பெரியவர யாரும் ஏசலையே?"

இவனைப் பெற்றவள் நான்தான் என்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது ரபியாவுக்கு. கத்தவில்லை. "ஏசல," என்று மட்டும் சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தலை குனியாமல் படிக்கட்டின் நடுவே இறங்கினாள்.