பெருக்கல் குறி போட்ட நாற்பது பேர்

மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்ததில் வின்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மோட்டார் தூக்கியபோதுகூட இப்படி வலித்ததில்லை. புதுச்சேரி தட்டாஞ்சாவடி மோட்டார் பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்த அறுநூறு வாடிக்கையாளர்களில், முதலாளி பக்ருதீன் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் இன்டர்நெட்டில் வாங்கிய புது கஸ்டமர் சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். ஒழுங்காக முடித்தால் ஆபீஸ் வேலை நிரந்தரம். சொதப்பினால் மறுபடியும் மோட்டார் தூக்க வேண்டியதுதான்.

முதலாளி கொடுத்த பட்டியலில் நாற்பது பேருக்குப் பெருக்கல் குறி இருந்தது. அவர்களை ஏற்றினான். முதலாளி எழுதிவைத்திருந்த எஸ்.எம்.எஸ். தானாகவே அவர்களுக்குப் போனது: 'உங்களுக்கு ஒரு வருடம் இலவச சர்வீஸ்.'

மறுநாள் அந்த நாற்பது பேரில் ஒருத்தியான ஜஹபர் நிஷா வந்து நின்றாள்.

"பத்தே நாள்ல பொகைஞ்ச மோட்டார மாத்திக் கேட்டதுக்கு வெரட்டுனீங்களேண்ணே, இப்பதான் புத்தி வந்துதா?"

பக்ருதீன் உள்ளே வின்சானிடம் பாய்ந்தார். "டேய், சண்டைக்காரங்கள வாணாம்னுதான்டா பெருக்கல் போட்டேன்!"

"பிரெஞ்சு பென்ஷன் ஃபாரத்துல எங்கப்பா வேணும்ங்கற கட்டத்துலதான் பெருக்கல் போடுவாரு, மொதலாளி."

"வாணாம்னா?"

"சும்மா வுட்டுடுவாரு."

அதற்குள் வாசலில் இன்னும் ஏழு சண்டைக்காரர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றே வின்சான் அவர்களுடைய மோட்டார்களைத் தூக்கப் போனான். இடுப்பு சரியாகிவிட்டது. ஜஹபர் நிஷாவுக்குத் தர வேண்டிய புது மோட்டாரைத்தான் பக்ருதீன் இன்னும் தரவில்லை.