முதல் இலை

எனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக என்று சொல்லித்தான் அந்தக் கிடாவை வெட்டினார்கள். வேண்டிக்கொண்டவர் என் மாமியார் சோலையம்மாள். யாருக்காக வேண்டுதலோ அவர் முதல் இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் அப்படி ஒரு வழக்கம். அதாவது, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த ஐந்தாவது வாரத்தில், இருநூறு பேர் பசியோடு பார்த்திருக்க, நான் தொடைக்கறி தின்ன வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

உடல் எடையைக் குறைக்கும் அந்த ஆபரேஷனைச் செய்த மதுரை டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு கிலோவும் சர்க்கரையுமாக உட்கார்ந்திருந்த எனக்கும், பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த என் கணவர் முத்துக்குமரனுக்கும் படம் வரைந்தே சொன்னார். மிச்சமிருக்கும் இரைப்பை ஒரு சின்ன வாழைப்பழ அளவுதான். முதலில் நீராகாரம், அப்புறம் மசித்த சாப்பாடு. கறியெல்லாம் இரண்டு மாதம் கழித்து, அதுவும் அவர் சொன்ன பிறகு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும். ஒன்றரை வருடத்துக்குக் குழந்தை கூடாது. எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்த தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அது இன்னமும் என் கைப்பையில் கிடக்கிறது.

“அம்மாட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் கணவர். பேசிய லட்சணம் இலையில் தெரிந்தது.

“அத்தை, எனக்கு மசிச்ச பருப்புதான். கறி ஆகாது” என்றேன்.

“சாமிக்கு வெட்டுனது ஒண்ணும் செய்யாது தாயி. வையி” என்றார் மாமியார்.

நான் கணவரைப் பார்த்தேன். அந்த மனிதர் குழம்பு வாளியைப் பார்த்தார். “ஒரு வாய்தானே பாண்டீஸ்? சனம் எம்புட்டு நேரமா உக்காந்திருக்கு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எதிரே பசியில் சிணுங்கிய பிள்ளைகளைப் பார்த்து வாயில் வைத்தேன். அந்த ஒரு வாய்க்காக என்னையே இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கறி நெஞ்சுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு நின்றது. மூச்சுவிட முடியாத வலி. வாயெல்லாம் நுரையாகச் சுரந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் குனிந்தேன். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி.

நிமிர்வதற்குள் குலவைச் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையாக நின்று குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவர்களுக்குக் குலவை!

மாமியார் முந்தானையால் என் வாயைத் துடைத்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. “மசக்கை வாந்திதான் தாயி. முத்து அப்பவே சொன்னான். ஆபரேஷன் முடிஞ்ச கையோட புள்ள நின்னுரும்னு. அதுக்குத்தானே தாயி கிடாவே நேந்தேன்.”

வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனையும் கோபமாகிவிட்டது. மாமியார்மேல் அல்ல. அந்த அம்மாளும் என்னைப்போல ஏமாந்தவர்தான்.

பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் ராஜபாண்டியிடம் போனேன். “தம்பி, மைக்கக் குடுங்க.” மிரண்டுபோய்க் கொடுத்துவிட்டான். கைப்பையிலிருந்த தாளை எடுத்து மைக்கோடு சேர்த்துக் கணவர் கையில் திணித்தேன்.

“வாசிங்க.”

“பாண்டீஸ், சபையில வச்சு...”

“சபையிலதானே தின்னச் சொன்னீங்க? வாசிங்க.”

வாசித்தார். ஸ்பீக்கர் கோயில் முழுக்கச் சொன்னது. வாழைப்பழ அளவு இரைப்பை. மசித்த சாப்பாடு. இரண்டு மாதத்துக்குக் கறி கூடாது. குலவை நின்றது. “ஒன்றரை வருடத்துக்குக் குழந்தை...” என்ற இடத்தில் அவர் குரலும் நின்றது.

“கூடாது” என்று நான் முடித்தேன்.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகன் முன்னால் வந்தார். “இது ஒனக்கு முன்னாடியே தெரியுமாடா?”

கணவர் தாளை மடிக்கப் பார்த்தார். மைக்கை அவர் வாயருகே இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

“தாள்ல இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு. கீழ கையெழுத்து யாருதுன்னு வாசிங்க.”