கட்டாயம் தரக் கூடாதது

அண்ணன் ஒரு வேலையும் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி என்று தங்கை பல தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டால்தானே! இருவரும் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அவள் காய்ச்சலில் படுத்த நேரம் பார்த்து, பழைய கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கி வைத்திருந்தான். பிள்ளைகளின் விவரம் மொத்தத்தையும் ஒரே கோப்பாகப் பென் டிரைவில் எடுத்துவிட்டானாம்.

"எல்லாம் பத்திரமா இருக்கு. நீ உள்ள ஏத்த வேண்டியதுதான்" என்றான், ஏதோ மலையைப் புரட்டியவன் போல.

ஏற்றினால் ஏறவில்லை. பிழை, பிழை என்று திரை கத்தியது.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சமையல்காரம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற தாள் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வாய் வேர்க்கடலைக்கு ஒரு குழந்தை மூச்சுத் திணறி நீலம் பாரித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

"பழைய புள்ளைங்களது எனக்கு மனப்பாடம்மா. அந்தப் புதுசுக்கு என்ன ஆகாது? அதைச் சொல்லுங்க."

புதுசு என்றால் இன்றைக்குத்தான் முதல் முதலாக வந்திருக்கும் ஒன்றரை வயதுப் பயல். அவள் படுத்திருந்தபோது அவனைச் சேர்த்துக்கொண்டதும் அண்ணன்தான்.

முதல் பிழை பெரிய விஷயமில்லை. விவரங்களைச் சேமிக்க கடைக்காரர் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த டேட்டாபேஸ், முன்பு இருந்ததைவிடப் பழைய பதிப்பு. எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறைக்குப் புதிய பதிப்பு வைத்திருந்த பெயர் அதற்குப் புரியவில்லை. கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர் வந்த இடத்திலெல்லாம் பழைய பெயரைப் போட்டாள். மறுபடி ஏற்றினாள். மளமளவென்று ஓடி, கடைசி வரியில் போய் நின்றுகொண்டது. பிழை எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்று திரை காட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கோப்பைத் திறந்து கடைசிக்குப் போனாள். புதுப் பயலின் பெயர் இருந்தது, வயது இருந்தது. அப்புறம் "கட்டாயம் தரக் கூடாதது:" என்று இருந்தது. அதோடு சரி. மேற்கோள்குறி மூடவில்லை, அடைப்புக்குறி மூடவில்லை. அடுத்து வர வேண்டிய அம்மாவின் போன் நம்பரும் இல்லை. கோப்பு பாதியிலேயே அறுந்துபோயிருந்தது.

"அண்ணா, இதை எடுக்கும்போது ஏதாவது மெசேஜ் வந்துச்சா?"

"என்னமோ இடம் பத்தலைன்னு வந்துச்சு. ஓகே அழுத்தினேன், போயிடுச்சு."

இடம் எப்படிப் பற்றும்? பென் டிரைவ் முழுக்க அவன் சேர்த்து வைத்த சினிமா. கடைக்குப் போன் போட்டாள். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து அப்போதே விற்றாயிற்று என்றார்கள்.

"நீதானே டைப் பண்ணினே? அந்தப் பையனோட அம்மா என்ன சொன்னாங்க?"

"அதான் கம்ப்யூட்டர்ல போட்டாச்சே! அவங்க நம்பரும் அதுலதான். அப்புறம் நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?"

கூடப் பிறந்தவனை அறைய முடியாது என்று எந்த மடையன் சொன்னான் என்று அவளுக்குத் தோன்றியது.

இன்றைய சாப்பாடு ரொட்டி, முட்டை, பால். மூன்றில் எது ஆகாது? மூன்றுமே ஆகாதா?

"ஒரு வாழைப்பழமாவது கொடுக்கலாமே" என்றான் அண்ணன்.

"அதுதான் ஆகாதுன்னா? நீங்க உசுரைத் திருப்பிக் கொடுப்பீங்களா?" என்றார் சமையல்காரம்மா.

மற்ற பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தன. புதுசு வாசனை பிடித்து, தத்தித் தத்தி வந்து, பக்கத்துத் தட்டில் கை வைத்தது. தங்கை ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கியதும் அது வீறிட்டது. நேரே கொண்டுபோய் அண்ணன் மடியில் உட்கார வைத்தாள்.

"அவங்க அம்மா வர்ற வரைக்கும் நீதான் வச்சிருக்கணும். தண்ணியைத் தவிர எதுவும் வாயில போகக் கூடாது. இறக்கி விட்டே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அழுது, அவன் சட்டைப் பொத்தானைச் சப்பி, மறுபடி அழுது, குழந்தை கடைசியில் களைத்துத் தூங்கியது. அண்ணன் அசையவில்லை. அவனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கோபம் இறங்கவில்லை.

சாயங்காலம் பயலின் அம்மா வந்தாள். வேலை முடித்து ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. "சமத்தா இருந்தானா? நல்லாச் சாப்பிட்டானா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். இத்தனை வருடமாக இந்த மாதிரி நேரங்களில் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிச் சமாளிப்பவள் அவள்தான். இன்று வாயைத் திறக்கவில்லை.

அவனே சொன்னான். முதலிலிருந்து கடைசி வரை, தலையைத் தூக்காமல்.

அம்மா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கத்துவாள் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை.

"முட்டை மட்டும்தாங்க ஆகாது. பாலும் ரொட்டியும் ஆசையாச் சாப்பிடுவான். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே, நீங்களும் தலையாட்டினீங்களே" என்றாள் அண்ணனிடம்.