மிசே லிண்ட்சே வீட்டுக் குளம் சிவந்தது

இடுப்பு விட்டுப்போய்விட்டது. விநாயகம் பாயில் ஒருக்களித்து, முதலில் முழங்காலை மடக்கினான், அப்புறம் கையை ஊன்றினான், அப்புறம் சுவரைப் பிடித்தான். நிமிர்ந்து நின்றபோது நாக்கு நுனியில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது. எதிரே சாமி படம் இருந்ததால் விழுங்கிவிட்டான்.

மூன்று வாரமாகப் பங்களாவின் பின்னால் குனிந்தே கிடந்த இடுப்பு அது. தீவின் தெற்குக் கரையில் சுரினாம் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் புது மேனேஜராக வந்த துரை, மிசே லிண்ட்சேக்குப் பங்களாவோடு ஒரு கிழட்டு நீச்சல்குளமும் சேர்ந்து கிடைத்தது. சுவர் வெடித்து, தரை பெயர்ந்து, தவளை குடியிருந்த குளம். ஆழத்தைக் குறை, பிள்ளைகள் இறங்கப் படி கட்டு, சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து புதிதாகப் பூசு என்றார் மிசே. எஸ்டேட் கொத்தனார் கால் ஒடிந்து கிடந்தார். அவரிடம் சித்தாளாக நின்று பழகியவன் என்பதால் கரும்பு வெட்டுகிற விநாயகத்தின் கைக்குக் கரண்டி வந்தது.

“தண்ணி நின்னுச்சுன்னா மில்லுல கொத்தனார் வேலை உனக்கு. நிக்கலேன்னா ஜூன் மாசம் கத்தியை எடுத்துக்கிட்டு மறுபடி கரும்புக்குப் போ” என்று மிசே சொல்லியிருந்தார்.

அதற்கு மேல் விநாயகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கரும்புத் தோகை அறுத்த கோடுகள் அவன் கை முழுக்க இருந்தன. ஜூன் மாசத்தை நினைத்தாலே அவை அரித்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாய்க்காலைத் திருப்பிக் குளத்தை நிரப்பியிருந்தான். சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போய்ப் பார்த்தால் ஆழப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. தோட்டக்காரன் ஜான்-போல் கரைமேல் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஏ மசோன், கொத்தனாரே, உன் குளம் ராத்திரி யார்கிட்டயும் சொல்லாம எங்கேயோ கிளம்பிப் போயிருச்சு.”

“வாயை மூடு. மிசே எழுந்தாச்சா?”

“காப்பி கொதிக்குது. அது ஆறுற வரைக்கும் உனக்கு நேரம்.”

பூச்சைத் தடவிப் பார்த்தான். முடியளவு விரிசல்கூட இல்லை. ஓட்டை எங்கேயோ தரையோரம் இருக்கிறது. தண்ணீரில் சாயம் கரைத்தால், அது இழுபடுகிற பக்கம் ஓட்டை. சாயத்துக்கு எங்கே போவது? லைன் வீட்டுக்கு ஓடினான். மனைவி சின்னம்மா இடித்துச் சலித்து வைத்திருந்த மஞ்சள் டப்பாவைத் தூக்கினான்.

“அத்தனையும் எதுக்கு? யாருக்குக் கல்யாணம்?”

“வந்து சொல்றேன்” என்று ஓடியவன், டப்பாவை அப்படியே குளத்தில் கவிழ்த்துக் கரையில் கிடந்த துடுப்பால் ஒரு கலக்குக் கலக்கினான்.

மஞ்சள் கோடு எதுவும் எந்தப் பக்கமும் ஓடவில்லை. தண்ணீர் ஒரு கணம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கண்ணெதிரே ரத்தமாகச் சிவந்தது.

பூசினது சுண்ணாம்பு. கொட்டினது மஞ்சள். இரண்டையும் கரைத்து ஆலம் சுற்றாத கல்யாணம் ஒன்றையாவது அவன் பார்த்ததுண்டா? கரைப்பது பெண்கள், ஆண்கள் நெற்றியை நீட்டுவதோடு சரி. துடுப்பும் கையுமாக அவன் நிற்க, மிசே காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.

அடுத்த மாதம் தேர்தல். எல்லாருக்கும் ஓட்டு என்று வந்த முதல் தேர்தல். சுரினாமிலிருந்து ரிவியேர் தே ஸாங்கீய் வரை ரோட்டோரம் முழுக்கத் தொழிலாளர் கட்சியின் சிவப்புக் கொடி. அதைப் பார்த்துப் பார்த்தே மிசேக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

“ஊரெல்லாம் கட்டினது பத்தாதா? என் வீட்டுக் குளத்திலயும் உங்க கொடியா?”

“கொடி இல்ல மிசே. சஃப்ரான். கறிக்குப் போடறது.” மஞ்சளுக்கு மிசே வீட்டில் அதுதான் பெயர்.

“எனக்கு வைக்கிற கறி மஞ்சளாத்தானே இருக்கு?”

விநாயகத்துக்குப் பதில் தெரியும். ஆனால் சுண்ணாம்புக்கும் மஞ்சளுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்குவதற்குள் மிசேயின் காப்பி ஆறிவிடும். ஜூன் மாசம் வந்துவிட்டது என்றே நினைத்தான். மாடி ஜன்னலில் மிசேயின் மனைவி மாதாம் ஜிசெல் தலை தெரிந்தது.

“எலெக்‌ஷன் இப்படி மணக்காது. காலங்காத்தால யாரு கறி வைக்கிறது? எனக்குப் பசிக்குது” என்றாள் மாதாம்.

மிசே குனிந்து மோந்து பார்த்தார். முகத்தில் பாதிக் கோபம் போய்ப் பாதி நின்றது. அந்த நேரம் பார்த்துச் சரிவுக்குக் கீழேயிருந்து ஜான்-போலின் குரல் வந்தது. “மிசே, என் ஷூஷூக் கொடிக்கு அடிபட்டிருக்கு. வேர்ல ரத்தம் ஒழுகுது.”

மிசேயும் விநாயகமும் போய்ப் பார்த்தார்கள். ஷூஷூ என்கிற சௌசௌக் காய் தொங்கும் பந்தலுக்கடியில் மண்ணிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. தோண்டினால் துருப்பிடித்த குழாய். முதல் முதலாகக் குளம் கட்டினவன் தண்ணீர் வடிக்கப் புதைத்து, யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்ட குழாய். அதன் வாய் விநாயகம் கட்டிய புதுப் படிக்கடியில் இருந்தது. பூச்சு தப்பித்தது.

“திங்கக்கிழமை காலைல பார்ப்பேன். தண்ணி நிக்கணும். வெள்ளையா நிக்கணும்” என்று மிசே காப்பியை முடித்தார்.

மத்தியானம் விஷயத்தைக் கேட்ட சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஊர்ல மாப்பிள்ளைக்குத்தான் ஆலம் சுத்துவாங்க. நீங்க வெள்ளைக்காரன் வீட்டையே உக்காரவச்சுச் சுத்திட்டீங்க. ராத்திரிக் கறிக்கு மஞ்சள் கிடையாது, பத்தியம் சாப்பிடுங்க.”

படியை இடித்து, குழாயை அடைத்து, மறுபடி கட்ட ஒரு ஆள் போதாது. ஞாயிற்றுக்கிழமை சூயாக் கடலில் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போவதுதான் ஜான்-போலுக்கு வாரத்தில் இருந்த ஒரே சுகம். அவன் ஆள் அனுப்பிப் படகை நிறுத்தச் சொல்லவில்லை. போகச் சொன்னான், தன்னை விட்டுவிட்டு. பகலெல்லாம் கல் சுமந்தான், குழாய்க்குள் கட்டையும் சிமெண்டும் அடித்தான், சுவரைத் தேய்த்தான். இடுப்பு வலியில் விநாயகம் முனகியபோதெல்லாம், பிரசவம் பார்க்க ஆள் கூப்பிடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். இருட்டுவதற்குள் வாய்க்காலைத் திருப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே, வைத்தது வைத்தபடி நின்றது. சுவரில் மட்டும் லேசாக ரோஸ் நிறம். அதுவே இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்றாள் மாதாம். மிசே தண்ணீரில் ஒரு விரலை முக்கி, மோந்து, விநாயகத்தைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை மில்லுக்குப் போ. கரண்டியை மறக்காதே. சஃப்ரானை மறந்துடு.”

கரும்பு வெட்டு தொடங்கிய ஜூனில் விநாயகம் மில்லுக் கொதிகலன் பக்கம் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். இடுப்பு அங்கேயும் வலித்தது, ஆனால் நிழலில் வலித்தது. ஜான்-போல் மில் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் துடுப்புப் போடுவது போலக் கையை ஆட்டிக் காட்டுவான். “எப்ப, மசோன்?”

“கடலைக் கண்டா எனக்குக் குமட்டும்டா.”

“உனக்கு என்ன வேணா ஆகட்டும். எனக்குத் துடுப்புப் போட ஆள் வேணும்.”

காசு கொடுத்தால் வாங்கமாட்டான். சின்னம்மா கொடுத்தனுப்பிய கறியை வாங்கித் தின்றுவிட்டு, இது கணக்கில் சேராது என்றான். ஜான்-போலுக்கு விநாயகம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கடன்பட்டிருக்கிறான். இன்னும் கொடுக்கவில்லை.